மிருகத்தின் காலில் மூன்று விரல்

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழேகால் மணி. டென்மார்க்கின் கோல்டிங் நகரில் மலர் அக்காவின் தொடர்மாடி வாசலில் நான் காரை நிறுத்தியபோது அவர் ஏற்கெனவே கீழே வந்து நின்றார். ஒரு கையில் கைப்பை, மறுகையில் சாப்பாட்டுப் பை. "ஹோர்ன் அடிச்சுப் போடாதேங்கோ தம்பி, மேல்வீட்டுப் பிள்ளை இரவுவேலை முடிஞ்சு இப்பத்தான் படுத்தது" என்றபடி ஏறிக்கொண்டார். நாங்கள் போகவிருந்தது ஓர் ஓவியத்தைப் பார்க்க. ஒரேயொரு ஓவியத்துக்காக நூற்றுப் பத்துக் கிலோமீற்றர் காரிலும் ஒரு மணிநேரம் கப்பலிலும் போவது மினக்கெட்ட வேலை என்று என் மனைவி முதல்நாளே தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

மலர் அக்காவுக்கு அறுபத்தொரு வயது. இருபத்துநாலு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அவர் அங்கே பார்த்துவந்தவர்களில் ஒருவர், தெற்கே உள்ள தீவொன்றில் பிறந்த ஒரு டேனிஷ் பெண்மணி. தொண்ணூற்று மூன்று வயதில் போன மார்கழியில் காலமானார். அவருடைய கட்டிலுக்கு மேலே ஒரு தபாலட்டை ஒட்டியிருந்ததாம். கடலில் ஒன்றும் கரையில் ஒன்றுமாக இரண்டு விசித்திர மிருகங்கள். காலையில் முகம் துடைத்துவிடும்போது "இரண்டும் நிற்கின்றனவா?" என்று கேட்பாராம். நிற்கின்றன என்று அக்கா பார்த்துச் சொன்னால்தான் எழும்புவாராம். இப்படி ஆறு வருடம். அந்தப் பெண்மணியின் மகன் வந்து அறையை ஒழித்துக்கொடுத்தபோது அந்தத் தபாலட்டையை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். "அசலை ஒருக்காப் போய்ப் பாப்பன் எண்டு மனிசிக்குச் சொன்னனான் தம்பி. சொன்னாப் போகவேணும்தானே" என்று சொல்லி, கூட்டிக்கொண்டு போகமுடியுமா என்று என்னிடம் வந்து கேட்டார்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் நான் எழுதுகிறவன் என்பது. வேலை ஜன்னல் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது. ஆனால் இங்குள்ள தமிழர் மத்தியில் எனக்குப் பெயர் தேடித் தந்தது, நாலு மாதத்துக்கொருமுறை வரும் எங்கள் சஞ்சிகையில் நான் எழுதும் கட்டுரைகள்தாம். எதற்கும் ஒரு தமிழ் வேர் கண்டுபிடிப்பேன். வைகிங்குகளின் கப்பலையே கட்டுமரத்தோடு கொண்டுபோய்க் கட்டியவன் நான். தபாலட்டையைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. தும்பிக்கை, சிங்க உடம்பு: இது எங்கள் யாளி. டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி இருந்த காலத்தில் எவனோ போய்ப் பார்த்துவந்து கீறியிருக்கிறான். தலைப்புக்கூட வைத்துவிட்டேன், 'கடல் கடந்த யாளி'. ஓவியத்தைப் பார்ப்பதுதான் பாக்கி.

லில்லபெல்ட் பாலத்தைக் கடந்து, ஒடென்சேயில் தெற்கே திரும்பி, ஸ்வென்போர்க் துறைமுகத்தை அடைந்தபோது எட்டு நாற்பது. காரைக் கரையில் விட்டுவிட்டோம். கப்பலுக்குப் போக வர ஆளுக்கு நூற்றெண்பத்தைந்து குரோனர். தீவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஓவியம் இருக்கும் சின்ன அருங்காட்சியகத்தில் வேலை செய்பவர்கள் இரண்டே பேர். பெயரை எழுதினால் அவர்களையும் எழுதியதாகிவிடும். அவர்கள் பங்குக்கு அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை.

கப்பலில் எங்களுக்கு எதிரே இருந்த தீவு விவசாயி ஒருவர் எங்கே போகிறோம் என்று விசாரித்தார். சொன்னேன். "ஓ, மணியடிப்பவரின் மிருகங்களா? பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பிறகு ஒருவரும் போவதில்லை" என்று சிரித்தார். அக்கா அவரிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். அக்காவின் டேனிஷ் யூலண்ட் நாட்டுப்புறக் கிழவர்களிடம் பொறுக்கிய டேனிஷ். பாதிச் சொல்லை விழுங்கிவிடுவார். நான் வகுப்பில் படித்துப் பரீட்சை எழுதியவன். அதனால் வழிநெடுக நான்தான் கதைத்தேன். அக்கா உழுந்துவடையைக் கடதாசியில் வைத்து விவசாயியிடம் நீட்டினார். அவர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

பத்தரை மணி. துறைமுகத்திலிருந்து மேட்டுத் தெருவில் பன்னிரண்டு நிமிட நடை. மஞ்சள் சுவரும் ஓட்டுக் கூரையுமாக ஒரு பழைய சுங்க வீடு, அதுதான் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் அறுபது குரோனர். மேசையில் இருந்தவருக்குக் கிர்ஸ்டன் என்று நானே ஒரு பெயர் வைக்கிறேன், எழுபது வயதிருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை, சம்பளமில்லாமல் சனி ஞாயிறுகளில் வருபவர். அன்றைக்கு வந்த முதல் ஆட்கள் நாங்கள்தாம் என்று அவருக்குப் பெரிய சந்தோசம். மேசையை விட்டு எழும்பி வந்து ஓவியனின் கதையைச் சொன்னார்.

இருநூறு வருடத்துக்கு முந்திய ஆள் அவன். தேவாலயத்தில் மணியடித்துச் சீவித்தவன். விடியற்காலை மணிக்கூண்டில் ஏறினால் கடலுக்குள்ளிருந்து ஒன்றும் வயலுக்குள்ளிருந்து ஒன்றும் எழும்பி வந்து தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகச் சொல்லியிருக்கிறான். பயமில்லையா என்று கேட்டால், "அவை நான் மணியடிக்கும்வரை காத்திருக்கின்றன" என்பானாம். ஊர் சிரித்தது. அவன் செத்ததும் கூடப்பிறந்தவன் வெட்கப்பட்டு, படத்தைக் கோழிக்கூட்டுக்கு மறைப்பாக வைத்துவிட்டான். கீழ் ஓரத்தில் கோழி கொத்திய தழும்பு இன்றும் இருக்கிறது.

"அவர் தரங்கம்பாடிக்குப் போயிருக்கிறார்தானே?" என்று கேட்டேன். கேள்வியாக இல்லாமல் செய்தியாகவே அது என் வாயிலிருந்து வந்தது.

கிர்ஸ்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வாழ்நாளில் ஒரேயொரு தடவை தீவை விட்டுப் போனார். ஸ்வென்போர்கிற்கு, சாயம் வாங்க. போகும்போதும் வரும்போதும் வாந்தி. பிறகு கப்பல் பக்கமே போகவில்லை."

என் யாளி அந்த இடத்திலேயே மூழ்கியது. எனக்கு முகம் கறுத்துவிட்டது. ஆதாரம் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா என்று நான் உள்ளுக்குள் வாதாடிக்கொண்டு போக, அக்கா எனக்கு முன்னே அந்த அறைக்குள் போய்விட்டார்.

ஓவியம் ஆறடி அகலம், நாலடி உயரம். பின் சுவரில் தனியாகத் தொங்குகிறது. வானம் பழுத்த எலுமிச்சை நிறம். கடலில் வடம்போலச் சுருண்டு கிடப்பது மீன் தலையும் குதிரைக் காதும் கொண்ட பிராணி. ஒவ்வொரு செதிலுக்கும் தனித்தனியாக ஒரு சின்ன வெளிச்சம் வைத்திருக்கிறான். கரையில் நிற்பது தும்பிக்கையும் பிடரிமயிருமாக ஒரு மலை. இரண்டும் சண்டைக்கு நிற்கவில்லை. நேரே எங்களைப் பார்க்கின்றன, வைத்தியரைக் காணக் காத்திருப்பவர்களைப் போல. கரைமிருகத்தின் முன்னங்கால் மட்டும் படத்தை விட்டு வெளியே வரப்போவது போலக் கீழ் ஓரம்வரை நீண்டிருந்தது. எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். இதன் முன்னால் கட்டுரைத் தலைப்பே எனக்கு மறந்துபோனது.

அக்கா கைப்பையிலிருந்து தபாலட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். திடீரென்று "ஐயோ!" என்றார்.

"என்னக்கா?"

"தம்பி, குட்டி நிக்குது!"

இடது மூலையில், கரைமிருகத்தின் பின்னங்காலோடு ஒட்டி, பூனையளவில் ஒரு குட்டி. தபாலட்டையில் அந்த ஓரத்தை வெட்டிவிட்டார்கள். அக்கா கண்ணைத் துடைத்தார். "அந்த மனிசி குட்டி எங்கை, குட்டி எங்கை எண்டு கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் எல்லாரும் அறளை பேந்திட்டுது, வயசிலை மூளை தடுமாறுது எண்டு நினைச்சம். நானும் ஆறு வருசம் குட்டி இல்லை, ரெண்டுதான் எண்டு சொன்னனான். சின்னனிலை இஞ்சை வந்து நிண்டு பாத்திருக்குது என்ன?"

பிறகு கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் மூன்று குறி இழுத்தார். என்னிடமும் நீட்டினார். மறுத்தால் மனம் நோகும். மூன்று விரலால் தொட்டு நெற்றியில் வைத்தேன். அவர் சுவரோரத்து வாங்குப் பலகையில் போய் இருந்து கண்ணை மூடியதும், வழக்கம்போலக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துவிட்டேன். இது என் பழைய பழக்கம். கோவிலுக்குள் பக்தன், கார் தரிப்பிடத்தில் டேனிஷ்காரன்.

அடுத்து நடந்ததை எழுதத்தான் இந்தக் கட்டுரை. போன இதழில் நான் எங்கள் சனத்தைப் பற்றி ஒரு கிண்டல் கட்டுரை எழுதியிருந்தேன். புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது, புதுக் காரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது, நூலகத்தில் இரவல் வாங்கியதையும் ஒற்றுவது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படி எழுதிய என் கை, அந்த மிருகத்தின் நீண்ட காலைக் கண்டு, கோவில் வாகனத்தின் காலைத் தொடுவதுபோலப் போய்த் தொட்டது. தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கண் திறந்தபோது கரும்பச்சைக் காலில் மூன்று வெள்ளை விரல் அடையாளம் பளிச்சென்று தெரிந்தது.

அதைக் கைக்குட்டையால் துடைக்கப் போனேன். இன்னும் பரவிவிடும் என்று பயந்து நிறுத்தினேன். அந்த நேரம் கிர்ஸ்டன் அறைக்குள் வந்தார்.

அவர் முதலில் படத்தின் காலைப் பார்த்தார். பிறகு வாங்கில் இருந்த அக்காவின் நெற்றியைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். அங்கே மூன்று கோடு, இங்கே மூன்று கோடு. என் நெற்றி துப்புரவாக இருந்தது. வலது கை காற்சட்டைப் பைக்குள் போய்விட்டிருந்தது.

"யார் இதைச் செய்தது?" என்று கூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. என் நல்ல டேனிஷில் நானாகவே சொன்னேன்: "அவருக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பழக்கம் இது, மரியாதைக்காகச் செய்வது. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

அக்கா கண்ணைத் திறந்தார். அவருக்கு டேனிஷ் விளங்கும் என்பது எனக்குத் தெரியும். இருபத்துநாலு வருடமாக அந்த மொழியில் வேலை செய்பவர். தெரிந்துகொண்டுதான் அவர் முன்னாலேயே சொன்னேன். படத்தின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காற்சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று "உண்ட்ஸ்கூல்" என்றார். மன்னிக்கவும் என்ற அந்த ஒரு சொல்தான்.

கிர்ஸ்டன் கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் அக்காவின் தோளைத் தடவி, "அழகான பழக்கம். ஆனால் படம் கிழவராகிவிட்டது, பாருங்கள்" என்றார். ஒடென்சேயிலிருந்து ஓவியம் துப்புரவாக்கும் நிபுணரை வரவழைக்க வேண்டும், அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று வருத்தத்தோடு சொன்னார். பேனாவை அக்காவிடம் நீட்டினார். அக்கா கண்ணாடியைத் தேட, நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். தொட்டவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரை நானே எழுதினேன். என் கையெழுத்து அழகானது என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

பின்னேரம் இரண்டு பத்துக் கப்பலில் திரும்பினோம். அக்கா மாசிச்சம்பல் வைத்த பாண் துண்டை எடுத்து எனக்குத் தந்தார். வாங்கித் தின்றேன். அதையும் எழுதத்தான் வேண்டும்: பசி இருந்தது, தின்றேன். பாதி வழியில் மெல்லக் கேட்டேன்.

"ஏன் அக்கா உண்மையைச் சொல்லேல்லை?"

"சொன்னா உங்களைப் பொய்க்காரன் ஆக்கோணும். அந்தப் பொம்பிளைக்கு முன்னாலை ஏன் தமிழாக்கள் ரெண்டு பேர் சண்டை பிடிக்கோணும்?" கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேலையிலை ஒரு நாளைக்குப் பத்துத்தரம் சொல்லுற சொல்லுத்தானே அது. மற்றது, எனக்கும் அங்கை ஒரு மன்னிப்புக் கேக்க இருந்தது. குட்டி விசயத்திலை. அதையும் சேத்துக் கேட்டுட்டன்."

எனக்கு இலேசானது. அடுத்த வசனத்தில் அந்த இலேசையும் பறித்தார். "ஆனா தம்பி, வருசா வருசம் அந்த மனிசியின்ரை நாளிலை வந்து பாப்பம் எண்டு நினைச்சனான். இனி எப்பிடி வாறது? என்னைக் கண்டா அவையள் பயப்பிடுவினம்." கோல்டிங்வரை கைப்பையை மடியில் வைத்துப் பிடித்தபடியே வந்தார். வாசலில் இறங்கும்போது எப்போதும் சொல்லும் "போட்டு வாறன் தம்பி" வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மறுநாளே கிர்ஸ்டனுக்கு எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் வேலை. எழுதுவதற்கு நல்ல டேனிஷ் வேண்டும் என்றேன். என் நல்ல டேனிஷ் எங்கே போனதோ தெரியாது. சஞ்சிகைக்காரர் யாளிக் கட்டுரையைக் கேட்டு இரண்டு தடவை தொலைபேசி எடுத்தார். மனைவி "என்ன, மலர் அக்காவைக் கண்டா மற்றப் பக்கத்தாலை போறியள்?" என்று கேட்டாள். கோவிலில் அவரைக் கண்டு நான் தூண் மறைவில் நின்றது உண்மை. யாழ்ப்பாணத்தில் கள்ளனைப் பற்றிச் சொல்வார்கள், நெஞ்சே சாட்சி என்று. எனக்கு நெஞ்சும் இருந்தது, சாட்சியும் இருந்தது, கால்தான் வரவில்லை. இப்படியே ஏழு கிழமை.

ஜூலை முதல் சனிக்கிழமை, மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் கார்த் திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள். அதே எட்டு நாற்பதுக்கு ஸ்வென்போர்க், அதே கப்பல். வெயில் இருபத்தெட்டுப் பாகை. தீவுத் தெருவெல்லாம் ஐஸ்கிரீமும் சைக்கிளும். அருங்காட்சியகத்துக்குள் நாலைந்து பேர் நின்றார்கள். ஓவியத்துக்கு முன்னால் இப்போது ஒன்றரை மீற்றர் தூரத்தில் கயிறு கட்டியிருந்தது. கால் துப்புரவாகிவிட்டது, மேலே பூசிய வார்னிசோடு அடையாளம் போய்விட்டதாம், சாயத்துக்குச் சேதமில்லை. ஆனால் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தால் மூலையில் உள்ள குட்டி ஒரு கறைபோலத்தான் தெரிந்தது.

கிர்ஸ்டன் மேசையில் தனியாக வரும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். அழகான டேனிஷ் ஒன்றும் தேவைப்படவில்லை. "நான்தான் தொட்டேன். அவர் தொடவில்லை. நான் பொய் சொன்னேன்."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு இழுப்பறையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்துத் தந்தார். அழகான எழுத்தில் இருந்த பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதினேன். இந்தமுறை எழுத்துக் கோணலாக வந்தது.

"அவர் போன ஞாயிறு இங்கே வந்தார். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது. கோல்டிங்கிலிருந்து ஒடென்சேக்கு ஒரு ரயில், அங்கிருந்து ஸ்வென்போர்கிற்கு ஒரு ரயில், பிறகு கப்பல். தனியாக வந்திருக்கிறார்.

"இன்றைக்குப் போலவே நல்ல வெயில். அவர் தடித்த கோட்டுப் போட்டிருந்தார். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள். ஒரு மணிநேரம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். வேர்த்து ஒழுகியது. கோட்டைக் கழற்றிக் கொழுவுங்கள், தண்ணீர் தருகிறேன் என்றேன். வேண்டாம், இப்படி நின்றால் உங்களுக்குப் பயமிராது என்றார்." கிர்ஸ்டன் படிவத்தை மடித்தார். "எனக்குப் பயமே இருக்கவில்லை. ஆனால் அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை."

நான் ஓவியத்தைப் பார்க்காமலே வெளியே வந்தேன். பார்க்க எனக்கு முகமில்லை. இந்த நாட்டுக்கு வந்து முப்பத்திரண்டு வருடமாகக் கடையில், ரயிலில், வேலையிடத்தில் எங்களைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்று நான் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்தப் பார்வைக்கு என் சொந்தக் கையால் ஒரு ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவர் தந்த பாணையும் தின்றுகொண்டு வந்திருக்கிறேன். வெட்கம் என்ற சொல்லை நான் எழுதியது அதிகம், பட்டது அன்றைக்குத்தான்.

மாலை ஆறு மணிக்கு நேரே மலர் அக்காவின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், படிவத்தில் பெயரை மாற்றியது உட்பட. மன்னிக்கச் சொல்லியும் கேட்டேன். அவர் கதவுக் கைபிடியைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். நான் முடித்தேன். அவர் நிமிர்ந்து ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"அப்ப இனி நான் அங்கை போனா, கோட்டைக் கழட்டலாமோ?"